வெங்கடலட்சுமியின் ரெக்கார்டு நோட்டு

திருப்பதி
11.1.1960

அன்புள்ள யசோதாவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்குச் சித்தூர் வரச்சொல்லி எழுதியிருந்தாய். வருவதற்கில்லை. காரணத்தை உன் மகள் வாயால் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

வெங்கடலட்சுமி என் தாவரவியல் வகுப்பில் சேர்ந்த அன்றே எல்லாப் பெண்களுக்கும் ஒரு தாள் கொடுத்தேன். ரெக்கார்டு நோட்டில் இருக்கும் படம் மைக்ராஸ்கோப்பில் தானே பார்த்து, தன் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும். பழைய மாணவிகளின் நோட்டைப் பார்த்து வரைந்தால் ரெக்கார்டு முழுவதும் ரத்து. மார்ச் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. தமிழிலும் தெலுங்கிலும் படித்துக் காட்டி, ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்கினேன். "காலங்காலமா பாத்துத்தானே வரையறாங்க, இதுக்கு ஒரு சட்டமா?" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சென்ற மாதம் பூசணிக் கொடி கிடைக்காமல் ஆமணக்குத் தண்டை நறுக்கிப் பார்க்கச் சொன்னேன். உன் மகள் நோட்டில், பழைய மாணவிகளின் நோட்டுகளில் இருப்பதுபோலவே, அழகான பூசணித் தண்டு இருக்கிறது. தலைப்பு மட்டும் ஆமணக்கு.

ரத்து செய்துவிட்டேன். பிரின்சிபாலுக்கும் சொல்லியாயிற்று. உன் மகள் என்பதால் உனக்கு உடனே எழுதுகிறேன். உன் மகள் என்பதால் வேறெதுவும் செய்ய மாட்டேன்.

உன் தாட்சாயணி


சித்தூர்
17.1.1960

தாட்சாவுக்கு,

போகியன்று உன் கடிதம் வந்தது. பழைய பாயோடு அதையும் நெருப்பில் போட்டிருப்பேன், கைதான் வரவில்லை.

ஏப்ரலில் திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறதே, இவர் ஆபீஸில் யாரை அந்தப் பக்கம் போடுவது, யாரை இங்கே வைப்பது என்று பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இவர் தலை எந்தப் பக்கம் உருளுமோ. நீ செய்ததைக் கேட்டதும், "ஒரு வருசம் பூடுச்சுன்னா படிப்பே பூடுச்சு. கல்யாணத்தப் பண்ணி அனுப்பிட்டு நாம மூட்டையக் கட்டிக்கினு போலாம்" என்கிறார். குழந்தை பண்டிகைப் பொங்கலைத் தொடவில்லை.

ஒரு படம், தாட்சா. கொலை செய்யவில்லை அவள்.

எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாள் இருந்தேன். முப்பத்தெட்டில், மதராஸில் நாம் ஒரே அறையில் இருந்தபோது உனக்கு மலேரியா. பதினைந்து நாள் எழுந்திருக்கவில்லை. உன் நோட்டில் பதினொரு படம் வரைந்தது யார்? அந்த நோட்டுக்கு முதல் மார்க் வாங்கியது யார்? அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகிப் படிப்பு நின்றது. நீ லெக்சரர் ஆனாய். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னவள் இல்லை நான். இனியும் சொல்ல மாட்டேன். நீ மட்டும் யோசித்துப் பார்.

யசோதா


திருப்பதி
29.1.1960

அன்புள்ள யசோதா,

யோசித்தேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. அதனால் பிரின்சிபாலிடம் போய் நானே சொன்னேன்.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சும்மா. இப்ப எதுக்கு?" என்றார்.

"இப்பத்தானே நான் விதி எழுதியிருக்கேன்" என்றேன்.

உன் பெயரையும் பதினொரு படங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வருஷத் தேர்வில் என்னைப் பரிசோதகராகப் போட வேண்டாம் என்றும் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியைகள் அறையில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, நன்றாகத் தூங்குகிறேன்.

பிறகு வெங்கடலட்சுமியைக் கூப்பிட்டேன். திட்டவில்லை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, "என்ன தெரியுது, சொல்லு" என்றேன். வெகுநேரம் குனிந்திருந்தாள். அழுதுவிட்டாள்.

"எல்லாம் மசமசன்னு கீது மேடம். போர்டும் அப்டித்தான். கண்ணாடி வோணும்னு அம்மாகிட்ட ரெண்டு தபா கேட்டேன். கண்ணாடி போட்டா எவன் கட்டிக்குவான்னு திட்டிக்கினே இருந்தாங்க."

யசோதா, இதை நீ எனக்கு எழுதவில்லை.

என் விதியிலும் ஓட்டை இருந்தது. காய்ச்சலில் கிடப்பவளும் கண் தெரியாதவளும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. இப்போது சேர்த்திருக்கிறோம்: முடியாதவள் முன்கூட்டியே சொன்னால் அவகாசம் உண்டு. பிடிபட்டவள் கோடையில் வந்து ரெக்கார்டை முதலிலிருந்து தானே வரைந்தால் செப்டம்பர் தேர்வில் உட்காரலாம். எல்லாப் பெண்களுக்கும் இதுதான். மார்ச் தேர்வு அவளுக்கு இல்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் வருஷம் போகாது. உன் வீட்டுக்காரரிடம் சொல்.

உன் தாட்சாயணி


சித்தூர்
24.4.1960

தாட்சாவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் முந்திக்கொண்டது.

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "கொயந்தைக்குக் கண்ணு தெரியலன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், மறுநாள் வேலூர் பஸ்ஸுக்கு எங்களைக் கிளப்பினார். டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கடையை விட்டு வெளியே வந்ததும் எதிரிலிருந்த வேப்பமரத்தைப் பார்த்து, "அம்மா, ஒவ்வொரு எலையும் தனித்தனியா கீதும்மா" என்றாள். பதினெட்டு வயதுப் பெண் நடுத்தெருவில் நின்று சொல்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இவரைச் சித்தூரிலேயே வைத்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சை நான்தான் நிறுத்தினேன். வந்த வரனிடம், "பொண்ணு கண்ணாடி போட்டுக்கினு படிக்குது, முடியட்டும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்.

என் பெயரை நீ கல்லூரித் தாளில் எழுதியதாகச் சொன்னாயே, அந்த வரியை நாலைந்து தரம் படித்தேன். ஏன் என்று கேட்காதே.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வெங்கடலட்சுமியை அனுப்புகிறேன். முதல் படத்திலிருந்து வரையட்டும். கோணலாக இருந்தால் கோணல் என்று சொல். என் முகத்துக்காக ஒரு மார்க்கும் கூடப் போடாதே.

உன்மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது தீரும்வரை நான் எழுத மாட்டேன். அதற்காக நீ எழுதாமல் இருந்துவிடாதே.

யசோதா