லிப்சியில் நம் மகள்

அன்புள்ள கணவருக்கு,

விடுமுறைக்கு லிப்சி தீவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். உங்கள் தங்கை எவான்தியா படகிலேயே தொடங்கிவிட்டாள்: "ஆட்டம் பாட்டு ஒண்ணுமில்லாத ஊரு. ஆட்டுக்குட்டிங்களோட பேசவா கூட்டிட்டுப் போறீங்க அண்ணி?" விபத்துக்குப் பிறகு கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் நம் தனாய்க்கு ஆளரவமில்லாத கரைதான் வேண்டும்.

வந்ததிலிருந்து நீளப் பாவாடையோடு நிழலிலேயே உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் காலை செயற்கைக் காலைக் கழற்றி மணலில் வைத்தாள். விடுதிக்காரரின் சின்ன மகள் ஓடிவந்து, "அக்கா, உன் இன்னொரு கால் எங்க?" என்றாள்.

"சுறா கடன் வாங்கிட்டுப் போச்சு. இப்ப திருப்பிக் கேக்கப் போறேன்," என்றாள் தனாய்.

என் தோளைப் பிடித்துத் தத்தி வந்தவள், இடுப்பளவு நீரில் பிடியை விட்டுவிட்டாள். தூரத்து மிதவைவரை நீந்தித் திரும்பினாள். எவான்தியா அழுதுகொண்டே கைதட்டினாள். நான் அழவில்லை. இவளைப் பெற்றவள் நான் என்று கரையெல்லாம் கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் கப்பல் பிரேயஸ் துறைமுகம் வந்துவிட்டதாம். எங்கள் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. காலையில் வந்து சேர்ந்தால் அவள் நீந்துவதைப் பார்க்கலாம்.

உங்கள் மனைவி