ஒரே கல்லில் இரண்டு பெயர்

சிஜ்ஜீவி, மால்டா
1801, திருப்பிறப்புக்கு முந்தின வாரம்

அன்பு மகன் ஜுவாக்கினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த பிறகு எழுதும் முதல் கடிதம் இது, அதனால் நலம், நலமறிய ஆவல் என்று சும்மா எழுதிவிட்டுப் போகக் கை வரவில்லை. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் மூச்சு விடுகிறோம், இங்கே நலம் என்பது அவ்வளவுதான். கப்பல்காரன் சென்சு போன வாரம் நான் கல் வெட்டும் குழிக்கே இறங்கி வந்து, மேஸ்திரி, உம்ம பெரியவன அலெக்சாந்திரியா துறைமுகத்துல பாத்தேன், மூட்டை தூக்கிட்டிருக்கான், கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு, ஊருக்கு வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னான் என்றான். செத்தவன் பெயரை வைத்து விளையாடாதே என்று அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். சின்ன வயதில் கல்சில்லு தெறித்து உன் காதுமடலில் விழுந்த தழும்பைச் சொன்ன பிறகுதான் நம்பினேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, கண்ணில் கல்தூசி என்று வேலையாட்களிடம் சொல்லிவைத்தேன். சென்சு திரும்பக் கப்பலேறும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். கல்லில் எழுதிப் பழகின கை, காகிதத்தில் கோணுகிறது, பொறுத்துப் படி.

கெட்ட சேதியை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது. உன் தம்பி சல்வு இல்லை ஐயா. நம்மை ஆண்ட சிலுவைச் சீமான்கள் சண்டை மூளுமுன்பே பிரெஞ்சுக்காரனிடம் கோட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டை கட்டினார்கள், அவர்களிடம் காவல் வேலை பார்த்த உங்களையெல்லாம் அவன் பீரங்கியோடு சேர்த்து எண்ணி, தன் பட்டாளக் கோட்டு மாட்டி எகிப்துக்குக் கப்பலேற்றினான், அதுவரைதான் உனக்குத் தெரியும். அதன்பிறகு சதுக்கத்தில் ஒரு மரத்தை நட்டு, விடுதலை வந்துவிட்டது ஆடுங்கள் என்றார்கள். கோயில் வெள்ளியையெல்லாம் இறக்கி உருக்கினார்கள், எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று மிச்சத்தை ஏலம்போட வந்த இடத்தில்தான் ஜனங்கள் பொங்கிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வலெட்டா கோட்டைக்குள்ளே, நாங்கள் வெளியே வயல்வெளியில், கடலை மறித்து எங்கள் பக்கம் இங்கிலீஷ்காரன் கப்பல்கள், இப்படியே இரண்டு வருஷம். முயல் சுடக்கூடாது என்று சீமான்கள் சட்டம் போட்ட காலத்தில் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தோமே ஒரு துப்பாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு சல்வு போனான். இரண்டாவது குளிர்காலத்தில் மதிலிலிருந்து வந்த குண்டு அவனை எடுத்துக்கொண்டது. முகம் கெடவில்லை, உன் அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். குண்டில் செத்தவர்களைவிடப் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள்தான் அதிகம், கழுதைக்குப் போடும் கரோப் காயை அரைத்துத் தின்றுதான் நாங்கள் பிழைத்தோம்.

அந்த மாதமே நீயும் கொள்ளைநோயில் போய்விட்டாய் என்று சேதி வந்தது. பட்ட காலிலே படும் என்பது சரிதான். உன் அம்மா துக்க வீட்டு வழக்கப்படி வாசல் கதவின் தட்டு வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சல்வுக்கு வெட்டும் கல்லிலேயே உன் பெயரையும் வெட்டச் சொன்னாள். பிரெஞ்சுக் கோட்டுப் போட்டவன் பெயரை நம்ம பிள்ளைகளோட பெயர்கிட்ட வைக்கறதா என்று ரொட்டிச் சூளைக்கார மத்தேவு குதித்தான். பங்குச் சாமியார்தான், செத்தவனுக்குக் கட்சி ஏதுடா, வாயை மூடிட்டு முழங்கால் போடு என்று அதட்டினார். உனக்கு வைத்த பூசையில் மத்தேவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். செத்துப்போன உன்னை ஊர் மன்னித்துவிட்டது.

உயிரோடு இருப்பவனை மன்னிக்குமா என்றால், பாவ்லு கதையைக் கேள். உன்னோடு கப்பலேறினவன் இந்த மழைக்காலத் தொடக்கத்தில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான், எகிப்தில் இறங்கினதுமே உங்களைப் பிரித்துவிட்டார்களாம், உன்னைப் பற்றி அவனுக்கும் தெரியவில்லை. மத்தேவு அவனுக்கு ரொட்டி விற்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் அவன் குடத்தை உருட்டிவிட்டார்கள். நானா போனேன், பிடிச்சுல்ல ஏத்தினாங்க என்று வீட்டுக்கு வீடு சொல்லிப் பார்த்தான், கேட்க ஆளில்லை, கடைசியில் துனிசுக்கே போய்விட்டான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இந்த மத்தேவைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வாசல்களுக்கு மேல் இருக்கும் சீமான்களின் கேடயச் சின்னங்களையெல்லாம் செதுக்கி எடு என்று பிரெஞ்சுக்காரன் எனக்கு உத்தரவு போட்டபோது, இவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, மேஸ்திரி, செதுக்கிராதீங்க, சுண்ணாம்பு அப்பி மறைச்சுடுங்க, நாளைக்கு யாரு வருவாங்கன்னு யாருக்குத் தெரியும் என்று கெஞ்சினான். நானும் அப்பிக் கொடுத்தேன். இப்போது ராஜாக்கள் சமாதானம் பேசி நம்மைத் திரும்பவும் சிலுவைச் சீமான்கள் கையிலேயே கொடுக்கப்போவதாகத் துறைமுகத்தில் பேச்சு. சனிக்கிழமை வந்து, மேஸ்திரி, அந்தச் சுண்ணாம்ப எப்பச் சுரண்டலாம் என்கிறான். இருய்யா, இப்ப ஆளுற இங்கிலீஷ்காரர் சிங்கத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுச் சுரண்டுவோம் என்றேன், கோபித்துக்கொண்டு போய்விட்டான். எஜமானனின் சின்னத்தைச் சுண்ணாம்புக்கடியில் பத்திரமாக வைத்திருப்பவன், மேலே மாட்டிவிட்ட கோட்டுக்காகப் பாவ்லுவைப் பட்டினி போட்டான்.

நம் கதையே இதுதான் ஜுவாக்கின். எந்த ராஜாவோ இந்தத் தீவை அடகு வைக்க, முன்னோர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மீட்டார்கள், அடுத்த ராஜா வருஷத்துக்கு ஒரு வல்லூறு வாடகை என்று சீமான்களுக்குத் தூக்கிக் கொடுத்தான். இப்போது மட்டும் என்ன? பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரனிடம் சரணடைந்த அன்று கையெழுத்துப் போட்ட மேஜையில் நம்மவன் ஒருவனுக்கும் நாற்காலி இல்லை. சல்வுவைக் கொன்றவர்கள் கொட்டு முழக்கத்தோடு கப்பலேறிப் போவதை நாங்கள் மதிலோரம் நின்று பார்த்தோம். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்பார்கள், நாம் குனிந்தபடியே பிறந்திருக்கிறோம் போல.

சென்சு சொன்னதை அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். பருத்தி நூற்றுக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. அவன் செத்துட்டான், நான் அழுது முடிச்சாச்சு, சல்வுவக் கொன்னவன் கோட்டப் போட்டுக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னா நான் யாரைப் பாத்து அழறது என்றாள். அவள் மேல் வருத்தப்படாதே ராசா. நாலு நாள் கழித்து, எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே, கண்ணு வீங்கியிருக்குன்னு சென்சு சொன்னானாமே, பார்வை தெரியுதாமா என்று கேட்டாள். தெரிகிறதாம் என்றேன்.

ஆகவே அப்பா சொல்கிறேன், இப்போது வராதே. இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கேயே கல்வேலை தேடிக்கொள், உன் கை எந்த ஊரிலும் சோறு போடும். அந்தப் பட்டாளக் கோட்டு உடுப்பை எரித்துவிடு, விற்காதே, விற்றால் இன்னொரு பாவம் போட்டுக்கொள்வான். இங்கிலீஷ்காரன் கூப்பிட்டாலும் சரி, எவன் கூப்பிட்டாலும் சரி, இனி யார் கொடுக்கும் கோட்டையும் போடாதே. வெறும் தண்ணீரில் கண்ணைக் கழுவாதே, கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கழுவு, வெயிலில் தலையில் துணி கட்டு.

புனித நிக்கோலாவும் மாதாவும் உன்னைக் காப்பார்களாக. செபத்தை விடாதே, சல்வு பெயரையும் சேர்த்துச் சொல். கடைசியாக ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். சல்வு பெயரை விரல் புதையும் அளவுக்கு வெட்டினேன். உன் பெயரை ஆழமாக வெட்டவில்லை, நகக்கண் அளவுதான் கீறினேன், இத்தனை எஜமான்களுக்கு வெட்டியும் செதுக்கியும் பழகின கை, அதற்கு மேல் இறங்க மறுத்துவிட்டது. ஊர் வாய் ஓயும் காலத்தில் நீ வா, உளிகூட வேண்டாம், ஓர் அரம் போதும், நானே தேய்த்துவிடுவேன். உன் அம்மா ஞாயிறுதோறும் பூசை முடிந்து போய் அந்த இரண்டு பெயரையும் விரலால் தடவிவிட்டு வருகிறாள். வித்தியாசம் அவள் விரலுக்குத் தெரியாமலா இருக்கும்? இன்றுவரை, இன்னும் ஆழமாக வெட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உன் அப்பா,
கல்தச்சன் வீஸ்தின்