குடும்பக் காரணம்

அன்புள்ள உனக்கு,

எந்தச் சுங்க அதிகாரிக்கு எந்தச் சாவடி என்ற பட்டியலை இந்த வருடமும் நான்தான் போடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று உன்னை மலைச் சாவடிக்குப் போட்டேன். நீ ஏனென்றுகூடக் கேட்கவில்லை.

இம்முறை இங்குள்ள துறைமுகத்துக்கு நேரே உன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். இன்று எழுத்தர் உன் விருப்பப் படிவத்தைக் கொண்டுவந்தார். "மேடம் அங்கயே இருந்துக்கறாங்களாம் சார்" என்றார். 'மாற்றலுக்கான குடும்பக் காரணம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறாய். பென்சில் எழுத்தை அழித்துவிட்டேன்.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. மற்றபடி வீடு சுத்தமாக இருக்கிறது, கலைக்க ஆளில்லை.

நானும் ஒரு படிவம் நிரப்பினேன். அதே கட்டத்தில் 'மனைவி மலைச் சாவடியில்' என்று எழுதியிருக்கிறேன். இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுக்கட்டுமா?

உன் வீட்டுக்காரன்