நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்த் தள்ளுபடி

தேர்வாய் கண்டிகை,
21.7.2025

பிரின்சி அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு விக்டோரியா எழுதுவது.

வாட்ஸப்பில் எழுதினால் கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்கிறீர்கள். காகிதத்தில் அந்த வசதி இல்லை. நாளை விமானம் ஏறும் எட்வர்ட் தம்பியிடம் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை அப்புறம் பிரியுங்கள்.

பிரின்சிக்கு நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. கல்விக் கடன் கிடைக்கவில்லை. பேங்கில் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரைத் தட்டியதுமே மேனேஜர் முகம் மாறிவிட்டது. நான் வெறுங்கையோடு போகவில்லை. கடன் முடிந்தது என்று ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடிதத்தை லேமினேட் செய்து சுவரில் மாட்டினீர்களே, அதைக் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். படித்துவிட்டு, "கம்ப்யூட்டரும் இதத்தாம்மா சொல்லுது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு எழுபதாயிரந்தான் கட்டிக்கிறாரு. மீதிய அவன் கைகழுவிட்டான். செட்டில்டுன்னு வுழுந்துடுச்சு, ஏழு வருசம் நிக்கும். அது நிக்கிற வரைக்கும் எந்த பேங்கும் கடன் குடுக்காது" என்றார். திருடன் தன் கைரேகையைச் சட்டம் போட்டு எடுத்து வந்தது போல என்னைப் பார்த்தார்.

உங்களைக் குறை சொல்லவில்லை. பழவேற்காட்டில் நண்டு வாங்கும் சாமர்த்தியத்தோடு பேரம் பேசினீர்கள். கம்பெனிக்காரனும் நண்டுக்காரனைப் போலவே முகத்தைத் தொங்கப்போட்டு ஒப்புக்கொண்டான். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, "நாப்பத்தெட்டாயிரத்த கர்த்தர் தள்ளிக் குடுத்தாரு" என்று சாட்சி சொல்லி ஐயாயிரம் காணிக்கை போட்டீர்கள். பத்தில் ஒன்று என்ற தசமபாகக் கணக்குப்படி இருநூறு ரூபாய் அதிகம்.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மணவாளன் என்ற ஒருவர், பேங்க் பார்க்கும் கடன் ஸ்கோர் கெட்டிருந்தால் நல்லதாக்கித் தருவதாகப் போர்டு வைத்திருக்கிறார். "ஆறாயிரம் குட்த்துட்டுப் போக்கா, பதினஞ்சு நாள்ல தொடச்சி எட்த்துர்றேன்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான்கு மாத வாடகை கேட்டுக் கடை உரிமையாளர் வந்து நின்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு அந்த ஃபைனான்ஸ் கம்பெனியின் திருவள்ளூர் கிளைக்கே போனேன். முன்பு தவணை வசூலுக்கு வந்து நம் வாசலில் நின்று, "இன்னாம்மா, ஊட்டுக்காரு எங்க பூந்துகினாரு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்திய தணிகைவேல்தான் இப்போது அங்கே மேலாளர். விட்டுப்போன பணத்தைக் கட்ட வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலி போட்டார். "தானா வந்து கட்றேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் மேடம்" என்று பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். முழுவதும் கட்டினால் பாக்கியில்லை என்று சான்று தருவார்கள், ஒரு மாதத்தில் பதிவையும் மாற்றுவார்கள். எழுதி வாங்கிவிட்டேன். காலேஜில் பணம் கட்டக் கெடு ஆகஸ்ட் முப்பது.

போனில் இதைச் சொன்னபோது, "கர்த்தர் தள்ளுனத நான் கட்டுனா சபைல மூஞ்ச எங்க வெச்சிக்கறது?" என்றீர்கள். மூஞ்சி மஸ்கட்டில் இருக்கிறது. அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். தள்ளியது தணிகைவேல். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் செயினை வைத்து முப்பதாயிரம் புரட்டிவிட்டேன். மீதி பதினெட்டாயிரம்.

பிரின்சி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "ஒரு வருசம் கம்பெனிக்குப் போய்க்கினு இருக்கேன்மா, அப்பால படிச்சிக்கறேன்" என்கிறாள். நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர் வீட்டுக்கே வந்து பெயர் எழுதிக்கொண்டு போய்விட்டான். நானும் ஒரு வருடம் என்றுதான் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். இருபத்திரண்டு வருடமாக இறங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க அவளை வரச் சொல்லியிருக்கிறான். அதற்குள் பணம் வந்துவிட்டால், அளவை நானே எடுத்து வெள்ளைத் துணி வாங்கிவிடுவேன்.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும், சனிக்கிழமைக்குள் கொஞ்சம் வெட்கத்தையும் அருளுவாராக.

உங்கள்,
விக்டோரியா