கதவில் என் பங்கு

பிடிவாதக்காரிக்கு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. முன்கதவின் விளிம்பில் பெயின்ட் இன்னும் லேசாக ஒட்டுகிறது, அதனால் பின்வாசல் வழியாகப் போகிறேன். மதியம் வரும் உன் அண்ணனையும் அந்த வழியாகவே வரச் சொல். சாப்பாடு அடுப்பு மேடையில், சாவி அரிசி டப்பா மேல்.

அப்புறம், நம் சண்டை. பளபளவென்று இருந்த புது ஃபைபர் கதவை நீ உப்புத்தாளால் தேய்த்தபோது, "நல்லா இருக்கறத ஏன்டி கெடுக்கற? பெயின்ட் அடிச்சா ஒட்டிட்டுப் போகுது" என்று கத்தினேன். நீயோ உள்பக்கம், கீழ் மூலையில் உள்ளங்கை அகல இடத்தைத் தேய்க்காமல் விட்டு, "இது உங்க பங்கு" என்றாய். அங்கேயும் அடிப்பூச்சுக்கு அதே பிரைமர், மேலே அதே பெயின்ட்.

இன்று காலை இரண்டு இடத்திலும் டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். நீ தேய்த்த இடத்தில் டேப் வெறுங்கையோடு திரும்பியது. என் பங்கு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது! அந்த டேப்பை இந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆசை தீரச் சிரித்துக்கொள்.

பிறகு வெளிச்சத்தில் முழுக் கதவையும் பார்த்தேன். ஒரு பிரஷ் தடம் இல்லை, ஒரு சொட்டு வழியவில்லை. எப்படிடி?

பி.கு. அந்த மூலைக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடித்துவிடாதே. அடுத்த முறை உன் வேலையில் நான் மூக்கை நுழைத்தால், நீ வாயே திறக்க வேண்டாம். அங்கே விரலைக் காட்டு, போதும்.