மகள் தர மறுத்த மருந்து

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றது. ஒரு வரி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதில் கொஞ்சம் தைரியம்.

இன்று சோளத்துக்குப் போட யூரியா மூட்டையைப் பிரித்தேன். நெடி மூக்கில் ஏறியது. மூட்டைமேல் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: நைட்ரஜன். யாரும் சொல்லித்தராமல் நானே படித்த பெரிய சொல். சிறுபிள்ளை மாதிரி சிரித்துவிட்டேன். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். சோளக்காடு மட்டும்தான் இருந்தது.

அந்தச் சொல்லை நம் மகள் வாயில்தான் முதலில் கேட்டோம். ஆராய்ச்சிப் படிப்பிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், கறுப்பு உருண்டைகளையும் ஒரு நீல உருண்டையையும் குச்சிகளால் கோத்து வளையமாக்கிக் காட்டினாள். கறுப்பு கார்பன், நீலம் நைட்ரஜன், நம் யூரியாவில் இருக்கிற அதேதான் என்றாள். நீலத்தைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் அந்த வளையம் டெங்கு வைரஸைப் பற்றிக்கொண்டு பெருகவிடாது என்றாள். நீ அதை உருட்டிப் பார்த்துவிட்டு, காட்டுக்குப் போடுகிற உரத்தை மாத்திரையாக்கவா இத்தனை வருசம் படித்தாய் என்று கேட்டாய். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பிறகு உனக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. இதற்கென்று தனி மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னதும் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாய்.

"நீ செஞ்சு வெச்சிருக்கறதக் குடு சாமி. பொழச்சா உனக்குப் பேரு, செத்தா எனக்கு விதி."

"அது கண்ணாடிக் குழாய்க்குள்ளதானுங்கம்மா வேல செஞ்சுது. ஒடம்புக்குள்ள போனா என்ன பண்ணும்னு தெரியாதுங்க."

"எப்படியும் போற உசுருதான?"

"என்ற கையால போக வேண்டாமுங்கம்மா."

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதன்பின் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே போய்விட்டாய். கோபமா, பேசத் தெம்பில்லையா, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதுதான் அவளைத் தின்கிறது.

காரியம் முடிந்ததும் அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். நம்மைப் போன்ற மனிதரின் நல்ல செல்களில் அந்த மருந்தை விட்டுப் பார்த்தார்களாம். வைரஸை நிறுத்தும் முன்பே செல்களைக் கொன்றுவிட்டதாம். அதைக் கைவிட்டார்கள். "அன்னிக்கு அம்மாவுக்குக் குடுத்திருந்தா..." என்று போனில் ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அவள் செய்ததுதான் சரி என்று சொன்னேன். என் சொல் அவளுக்குப் போதவில்லை. உன் வாயால் வேண்டும் அவளுக்கு.

அம்மாவுக்குக் கோபமில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. நீ திரும்பிக்கொண்ட அந்த முதுகு என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது நைட்ரஜனை ஓரிடம் தள்ளிவைத்துப் புது வளையம் கட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை அதையும் செல்களில் விட்டுப் பார்க்கிறார்கள். அவை பிழைத்தனவா, செத்தனவா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் உனக்கு மனசு ஆறியிருந்தால் என்னிடம் வர வேண்டாம். அவள் கனவில் போய் ஒரு வார்த்தை பேசு.