தாடி எடுக்காமல் வந்துவிட்டார்

ஆவணி 9, வியாழன்.

எங்கள் மகன் செல்வத்தைக் கொன்றவனுக்குப் போட்ட தூக்கை, மதுரை ஹைகோர்ட்டில் இன்று ஆயுள் தண்டனையாகக் குறைத்துவிட்டார்கள். டெல்லிக்கு அப்பீல் போகலாமா என்று வக்கீல் போனில் கேட்டார். வீட்டுக்காரர் போனை என் கையில் கொடுத்து, "நீயே சொல்லு" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன்மேல் இரக்கமெல்லாம் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையை மறுபடி சாகக் கொடுக்க என்னால் முடியாது.

இவர், அவன் தூக்கில் தொங்கிய பிறகுதான் தாடி எடுப்பேன் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டவர். தாடி நெஞ்சு வரை வந்துவிட்டது. சாயங்காலம் பாளையம்பட்டி சலூனுக்குப் போனார். போன மாதிரியே திரும்பி வந்தார்.

"ஏங்க, எடுக்கலையா?"

"சேர்ல உக்காந்தேன். 'அண்ணே, அவனத் தூக்குல போட்டுட்டாகளா?'ன்னு சலூன்காரன் ஆசையாக் கேட்டான். எந்திரிச்சு வந்துட்டேன்."

"சாமி கோவிச்சுக்கிராது. எடுத்துருங்க."

"சாமிக்கென்ன. செல்வத்துக்கு என்ன சொல்ல?"

சோற்றைப் போட்டேன்.

இப்போது அசந்து தூங்குகிறார். இந்தத் தாடி முகத்தைச் செல்வம் பார்த்ததே இல்லை. அவன் பார்த்த முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கே ஞாபகத்துக்கு வரவில்லை.